வலது பூட்ஸில் தண்ணீர்

நவம்பர் 18, செவ்வாய்

போஜன் வாங்கி வந்த ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு இன்று முதல் முறையாகக் குளத்தில் இறங்கினோம். குன்னூரில் பங்களாவைக் காலி செய்த ஒரு குடும்பம் விற்றுவிட்டுப் போனதாம். ஆளுக்கு ஒன்று. பூட்ஸ், கால்சட்டை, மார்பு வரை வரும் மேல்பாகம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உடுப்பாக இருக்கிறது. தோளில் மாட்ட இரண்டு வார். வேடர்ஸ் என்று பெயர் சொன்னான். வீட்டுக்கு வந்து என் மனைவி மரகதத்திடம் சொன்னேன். "வேடர்னா வில்லும் அம்புமா காட்டுல திரியறவங்கதானே?" என்றாள். அதோடு எங்கள் வீட்டில் அதற்கு ரப்பர் சூட் என்று பெயராகிவிட்டது.

எமரால்டு ஊருக்கு மேலே சோலைக்காட்டிலிருந்து இறங்கும் ஓடையைத் திருப்பி, போஜன் குளம் வெட்டி ட்ரவுட் மீன் வளர்க்கிறான். குளிர்காலத்தில்தான் அந்த மீன் சினை முற்றும். முற்றிய பெட்டைகளை வலையால் ஒதுக்கிப் பிடித்து, வயிற்றை நீவி முட்டையைப் பேசினில் எடுத்து, ஆண் மீனின் பாலைக் கலந்து, பொரிக்கும் தட்டில் வைக்க வேண்டும். வலைக்கு இரண்டு நுனி. ஒன்றில் அவன், இன்னொன்றில் நான். பல வருடமாக இப்படித்தான். இதுவரை அரைக்கால் சட்டையோடு இறங்கி, பல் கிட்டித்துப்போய் ஏறிக்கொண்டிருந்தோம். இந்த வருடம் ராஜா மாதிரி இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து கழற்றினால் வலது சாக்ஸைப் பிழியலாம் போல ஈரம்.

நான் பஞ்சர் கடை வைத்திருப்பவன். லாரி டயரிலிருந்து குழந்தைகள் மிதக்கும் ரப்பர் வளையம் வரை என்னிடம் வந்திருக்கிறது. ஓட்டை தெரியவில்லை என்று எதையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. இந்த வாரத்துக்குள் இதை முடித்துவிடுவேன்.

நவம்பர் 19, புதன்

கடையின் ஷட்டரைப் பகலிலேயே இறக்கிவிட்டு, சூட்டின் காலுக்குள் டார்ச்சை எரியவிட்டுத் தொங்கவிட்டேன். இருட்டில் இரண்டு இடத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒன்று முழங்காலுக்குப் பின்னால், மடிந்து மடிந்து வெடித்த இடம். இன்னொன்று தொடை சேரும் தையல். மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

இந்த வேலையில் அவசரம் ஆகாது. மேல்தோல் சொரசொரப்பாகும் வரை தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெலிசாகத் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் வரும் வரை விட்டுவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பேட்ச் வைப்பவன்தான் மறுநாள் திட்டு வாங்குகிறான். நான் டீ குடித்து, பேப்பர் படித்து, பிறகு வைத்தேன். உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினேன். இனி அந்த இரண்டு இடத்திலும் தண்ணீர் தலைகீழாக நின்றாலும் நுழையாது.

நவம்பர் 21, வெள்ளி

போஜனின் குளத்தில் போய் நின்று பார்த்தேன். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறிக் கழற்றினால் வலது சாக்ஸ் மறுபடி ஈரம்.

யோசித்துப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் ஆளைத் துள்ள வைக்கும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆகவே அது தண்ணீர் இல்லை, வியர்வை. ரப்பருக்குள் காற்றோட்டம் கிடையாது, வியர்க்கத்தான் செய்யும். வலது காலுக்கு மட்டும் ஏன் என்று மரகதம் கேட்டாள். வண்டியில் கிளட்ச், பிரேக் எல்லாம் மிதித்த கால், உழைத்த கால் என்றேன். கிளட்ச் இடது காலில்தானே என்றாள். சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பஜாரிலிருந்து வரும்போது வலது செருப்பு வழியில் எங்கேயோ கழன்றுவிட்டிருக்கிறது. வாசலில் மரகதம் காட்டித்தான் பார்த்தேன். ஒரு காலில் செருப்போடு அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். வார் லொடலொடவென்று இருந்த செருப்புதான். வேறு வாங்க வேண்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

குளத்தில் பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டு வலை இழுத்தோம். பெட்டைகளுக்கு வயிறு உருண்டிருக்கிறது. ஆனால் இன்னும் இளகவில்லை. இன்னும் சில வாரம் ஆகும் என்றான் போஜன்.

நடுவில் அவன் சூட்டில் எங்கோ ஓட்டை விழுந்து தண்ணீர் உள்ளே போய்விட்டது. வலையைப் போட்டுவிட்டுக் கரையைப் பார்த்து ஓடினான். உயிர் போகிறது, உயிர் போகிறது என்று பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கூட இல்லை. இந்த வருடம் தண்ணீர் அவ்வளவு ஒன்றும் குளிரவில்லையே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். குளத்தில் மிதக்கும் தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினான். போன வருடத்தை விடக் கீழே இருந்தது. தெர்மாமீட்டர் பழசு.

அவனுடைய சூட்டையும் கடைக்குத் தூக்கி வந்திருக்கிறேன்.

நவம்பர் 27, வியாழன்

காற்று வைத்துப் பார்த்தேன். மேல்பாகத்தின் வாயில் வட்டமான மரத்தட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கி, கம்ப்ரஸரின் குழாயை நுழைத்து மெதுவாகக் காற்று விட்டேன். சூட் தலையில்லாத குண்டு மனிதன் மாதிரி எழுந்து நின்றது. ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். உடம்பு முழுக்கச் சோப்பு நுரை தடவினேன். போஜனுடையதில் முட்டிக்குக் கீழே நுரை கொப்பளித்தது. முள் கிழித்த இடம். அதை அரை மணியில் அடைத்தேன்.

என்னுடையதில், பூட்ஸும் கால்சட்டையும் ஒட்டுகிற விளிம்பில் இரண்டு சின்னக் குமிழி. சுற்றிலும் பட்டை போட்டு ஒட்டிவிட்டேன். காய்ந்ததும் மறுபடி காற்று வைத்துப் பார்த்தேன், எங்கும் ஒரு குமிழி இல்லை. இத்தோடு ரப்பர் சூட் விஷயம் முடிந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

குளிக்கும் முன் கால் கழுவ வெந்நீர் பக்கெட்டில் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். மரகதம் விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தவள், விரலை விட்டுப் பார்த்துச் சத்தம் போட்டாள். அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய தண்ணீராம். கால் இரண்டும் சிவந்திருந்தது. எனக்குத் தோல் கெட்டி என்றேன். அவள் சிரிக்கவில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன். பெரும்பாலும் போடுகிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

மறுபடி ஈரம்.

மரகதம் சாக்ஸைத் துவைக்க எடுத்தவள் நாற்றம் அடிக்கிறது என்றாள். சொல்யூஷன் வாடை என்றேன். உங்க கடை வாடை எனக்குத் தெரியாதா, இது அது இல்லை என்றாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். அவள் தபால் கொடுக்கிறவள். மழைக்காலத்தில் கடிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித்தான் மலையேறுவாள். "சாக்ஸ் மேல கவரைக் கட்டி, அதுக்கு மேல இன்னொரு சாக்ஸ் போடுங்க. வெளிய இருக்கறது நனைஞ்சா குளத்துத் தண்ணி. உள்ள இருக்கறது நனைஞ்சா உங்க வியர்வை." இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

டிசம்பர் 5, வெள்ளி

அப்படியே செய்தேன். வெளிச் சாக்ஸ் சொட்டச் சொட்ட ஈரம். ஆக, தண்ணீர்தான். இத்தனை நாள் வியர்வை என்று நான் சொன்னது தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

உள் சாக்ஸ் காய்ந்துதான் இருந்தது, அடிப்பாதத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். கவரில் அந்த இடத்தில் ஒரு பொத்தல். மட்டமான கவர். சாக்ஸில் அங்கே ஒரு ரூபாய் அளவுக்குப் பழுப்புக் கறை வேறு. பூட்ஸின் உள்பக்கச் சாயம் போகிறது போலிருக்கிறது.

காற்றுக்குக் குமிழி வராமல், தண்ணீரை மட்டும் விடுகிற ஓட்டை எது? இதை யோசித்துக்கொண்டே ஒரு ஜீப் டயரைத் தப்பான சக்கரத்தில் மாட்டிவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

டயரில் ஆணி ஏறி அப்படியே நின்றுவிட்டால், அந்த ஆணியே ஓட்டைக்கு மூடி. வண்டி நிற்கும்போது காற்று போகாது. பாரம் ஏறி ஓடும்போதுதான் ஆணி அசைந்து வழி விடும். இது தெரிந்தும் இத்தனை நாள் பூட்ஸின் அடியை நான் பாரம் வைத்துப் பார்க்கவில்லை. இன்று காலை பூட்ஸுக்குள் மணல் மூட்டையைத் திணித்து, டியூப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மேலிருந்து அழுத்தினேன். அடியிலிருந்து வரிசையாகக் குமிழி கிளம்பியது. கடையில் தனியாகச் சிரித்தேன்.

மூட்டையை எடுத்துவிட்டு உள்ளே கையை விட்டுத் தடவினேன். சுரீர் என்று குத்தியது. விரலில் ரத்தம். பூட்ஸின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பித் துண்டு, அரிசி நீளத்துக்கு உள்ளே நிமிர்ந்து நிற்கிறது. நீர்நாய் வராமலிருக்கப் போஜன் கரையில் கட்டிய கம்பிவலையிலிருந்து வெட்டி விழுந்த துண்டு. விரலுக்கு என்ன வலி. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே நின்றேன்.

அப்புறம்தான், அந்தக் கம்பி நிற்கும் இடத்தில் என் பாதத்தின் எந்தப் பகுதி வரும் என்று பார்த்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்து வலது சாக்ஸைக் கழற்றினேன்.

டிசம்பர் 7, மாலை

மரகதம் கழுவிக் கட்டிவிட்டாள். நாளை முதல் பஸ்ஸில் ஊட்டி ஆஸ்பத்திரி. வலி கொஞ்சமும் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றே சேர்த்துக்கொண்டார்கள். கையில் ஊசி, மேலே பாட்டில்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பாதத்தில் இருக்கும் பொத்தலைப் பார்த்துவிட்டு எவ்வளவு நாளாக என்று கேட்டார். மரகதம் சாக்ஸ் முதலில் நாறிய நாளைச் சொன்னாள்.

பிறகு என்னைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையால் பாதத்தைத் தொடுவாராம், தொட்டது தெரிந்தால் சரி என்று சொல்ல வேண்டுமாம். நான் மூடிக்கொண்டு காத்திருந்தேன். இடது காலில் ஒன்றிரண்டு இடத்தில் சரி சொன்னேன். வலது காலுக்குப் போகிறேன் என்றார். காத்திருந்தேன். வெளியே யாரோ டிரேயைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் காத்திருந்தேன்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"முடிச்சிட்டேங்கய்யா," என்றார்.

கண்ணைத் திறந்தேன். பாதம் முழுக்கத் தொட்ட இடங்களில் பேனாவால் புள்ளி வைத்திருந்தார். மரகதம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

சர்க்கரை கூடி நரம்பு மரத்துப்போயிருக்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சில வருடமாகவே நடந்துகொண்டிருந்திருக்கும், வலிக்காததால்தான் யாருக்கும் தெரியவில்லை என்றார். இது எனக்குப் புரிகிற விஷயம்தான். காற்று இறங்குவது தெரியாமல் ஓட்டி ரிம்மைக் கெடுத்துக்கொண்டு எத்தனை பேர் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

இரண்டாவது விரலின் எலும்பு வரை சீழ் ஏறியிருக்கிறது. விரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பும் என்கிறார்கள். எடுங்கள் என்றேன். கட்டை விரல் இருக்கிறது, நிற்பதற்கு அதுதான் முக்கியம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மரகதம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். அவள் போகும் ஊர்களில் வேறு ஆள் தபால் கொடுக்கிறார்.

டிசம்பர் 13, சனி

முடிந்தது. கட்டுப் போட்டிருப்பதால் எதுவும் தெரியவில்லை.

டிசம்பர் 17, புதன்

போஜன் வந்தான். வந்ததிலிருந்து என் காலைப் பார்க்காமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பியை வெட்டியது நான், சூட்டை வாங்கியது நான், தண்ணியில் உன்னை இறக்கியது நான் என்று ஆரம்பித்தான். நான் அவனை நிறுத்தினேன். அதே கம்பி உன் பூட்ஸில் ஏறியிருந்தால் அந்த நிமிஷமே நீ கத்தியிருப்பாய், பிடுங்கிப் போட்டிருப்பாய், கதை முடிந்திருக்கும் என்றேன். உண்மை அதுதான். அவனுக்குச் சமாதானமாகவில்லை.

குளத்தைப் பற்றிக் கேட்டேன். சொல்லத் தயங்கினான். ஒன்றிரண்டு பெட்டைகள் இளக ஆரம்பித்துவிட்டன, மற்றவை புது வருஷத்தில் முற்றுமாம். முதல் தடவை தனியாக வலையைக் கல்லில் கட்டி இழுத்துப் பார்த்திருக்கிறான். பாதிக்கு மேல் வலைக்கு அடியில் நழுவிவிட்டன. கூலிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறான். தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தவர்கள் அப்படியே போய்விட்டார்கள். முற்றிய முட்டையை நேரத்தில் எடுக்காவிட்டால் அது வயிற்றுக்குள்ளேயே கெட்டுப்போகும். அப்படிப் போனால் இந்த வருடக் குஞ்சு இல்லை. குஞ்சு இல்லாவிட்டால் குளத்தை மூட வேண்டியதுதான்.

நான் இன்னும் பத்து நாளில் வந்துவிடுவேன் என்றேன். டாக்டர் அப்போதுதான் வார்டுக்குள் வந்தார். எங்கே வருவீர்கள் என்றார். சொன்னேன். இனி எந்தக் குளத்திலும் ஓடையிலும் நீங்கள் இறங்கக் கூடாது, ரப்பர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்றார். இந்தக் குளிர்காலத்துக்கா என்று கேட்டேன். எப்போதுமே என்றார்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த மரகதம்தான் பேசினாள்.

"நான் இறங்கறேன்."

போஜன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்? தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்," என்றான்.

"தினமும் காலைல பனியில நடந்துதான் தபால் குடுக்கறேன். என் காலுக்கு ஒண்ணும் இல்ல. புது வருஷம் பொறந்ததும் வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு வலையைப் போடுங்க," என்றாள். ஆரஞ்சுச் சுளையை அவன் கையில் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

வார்டில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். நான் தொடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

டிசம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. காலைத் தொங்கவிடக் கூடாது, தலையணை மேல் வைக்க வேண்டும். தினமும் காலையும் மாலையும் மரகதம் என் இரண்டு பாதத்தையும் மடியில் வைத்து, விரலிடுக்கு உட்பட ஒவ்வொரு இடமாகப் பார்க்கிறாள். நான் சோப்பு நுரை தடவியதை விடக் கவனமாகப் பார்க்கிறாள். மாத்திரையை அவள் கையால் கொடுத்து, விழுங்கும் வரை நிற்கிறாள்.

இன்று போஜன் கடையிலிருந்து என் சூட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே வேலை செய்தேன். கம்பியைக் குறட்டால் பிடுங்கினேன். துருப்பிடித்து வளைந்திருந்தது. ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். மரகதம் போய்த் தேடி எடுத்து, பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டாள். யார் காலிலாவது ஏறுமாம். சரிதான்.

உள்ளேயும் வெளியேயும் தேய்த்து, துளையில் ரப்பர் திரி வைத்து, இரண்டு பக்கமும் பேட்ச் போட்டேன். டயருக்குப் போடுகிற கெட்டியான பேட்ச். உள்ளே கை விட்டு ஒவ்வொரு அங்குலமாகத் தடவினேன். கரடு முரடு எதுவும் இல்லை. சொட்டுத் தண்ணீர் நுழையாது என்று போஜனிடம் சொல்லி அனுப்பினேன். அவளுடைய பாதம் சின்னது. இரண்டு ஜோடிக் கம்பளிச் சாக்ஸ் போட்டால் பூட்ஸ் சரியாக இருக்கும்.

ஜனவரி 1, வியாழன்

தபால் ஆபீஸிலிருந்து வந்ததும் மரகதம் சூட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் இறங்கினாள். எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள்.

"வலது கணுக்கால்ல தண்ணி வருது," என்றாள்.

வராது, குளிரை ஈரம் என்று நினைக்கிறாய் என்றேன். ரப்பர் குளிர்ந்து ஒட்டினால் அப்படித்தான் தோன்றும், எத்தனையோ பேர் அப்படி ஏமாந்திருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"குளிர் எப்படி இருக்கும், ஈரம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? உள் கணுவுக்குப் பின்னாடி, எலும்புக்கும் நரம்புக்கும் நடுவுல. மெலிசா ஓடுது. இப்ப குதிகாலுக்கு வந்திருச்சு. இப்ப உள்ளங்கால்."

விரலை வைத்து அந்த இடத்தை ரப்பருக்கு மேல் காட்டினாள். கழற்றியதும் வாங்கிப் பார்த்தேன். நவம்பரில் நான் சுற்றிப் போட்ட பட்டையின் நுனி, அவள் விரல் வைத்த அதே இடத்தில், மயிரிழை அளவுக்குத் தூக்கியிருந்தது. காற்று வைத்தபோது அது ஒட்டிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறது. நடக்கும்போது கணுக்கால் மடிய மடியத் திறந்துகொள்கிறது. இது நான் போட்ட பட்டை.

என் கையும் கண்ணும் சோப்பு நுரையும் சொல்லாததை அவளுடைய கால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டது. வருகிற கஸ்டமர்களுக்கெல்லாம் அவளைத் தொட்டியில் இறக்கிவிடலாம் என்றேன். சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இன்றுதான் சிரித்தாள்.

பழைய பட்டையை முழுதாகப் பிரித்து, மடிகிற இடத்துக்கு இழுபடும் டியூப் ரப்பரை வெட்டி, புதிதாக ஒட்டிவிட்டேன். காயும் வரை டீ குடித்தேன். சர்க்கரை இல்லாத டீ. வெந்நீர்தான் அது.

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் போஜன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் வரக் கூடாது என்று மரகதம் சொன்னாள். தண்ணீரில் இறங்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், கரையில் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை என்றேன். கட்டுப் போட்ட காலை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, போர்வையை மேலே போட்டு, பின் சீட்டில் நீட்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். கரையில் நாற்காலி, காலுக்கு ஒரு மீன்பெட்டி.

புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. மரகதம் வாரை மாட்டிக்கொண்டு கரையின் விளிம்பில் நின்றாள். பார்க்கச் சின்னப்பெண் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. இறங்கினாள். முழங்கால் மூழ்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. போஜன் வலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வேண்டாம், ஏறி வா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் நடந்து நடுக்குளத்துக்குப் போய் வலையின் நுனியைக் கையில் வாங்கிவிட்டாள். என்னுடைய நுனி.

முதல் இழுப்பில் அடிக்கயிறு தூக்கிவிட்டது. கயிற்றைக் காலால் அழுத்திக்கொண்டே நகரச் சொல்லிக் கரையிலிருந்து குரல் கொடுத்தேன். இரண்டாவது இழுப்பில் பழகிவிட்டது. மூன்றாவதில் மூலையில் மீன்கள் கொதிக்கிற மாதிரி துள்ளின. ஒரு பெரிய பெட்டை அவள் முகத்தில் வாலால் அடித்தது. துடைத்துக்கொண்டு அதையே முதலில் பிடித்தாள்.

கரையோரத் தண்ணீரில் நின்றபடியே ஈரத் துணியில் மீனைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது போஜன். வயிற்றை நீவுவது மரகதம். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும்போது நீவிவிட்ட கைதானே என்றாள். ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் வரிசையாகப் பேசினுக்குள் இறங்கின. நிறைந்ததும் பேசின் என் மடிக்கு வந்தது. ஆண் மீனின் பால் விழுந்ததும் கோழி இறகால் மெதுவாகக் கலக்கி, தண்ணீர் ஊற்றி அலசிக் கொடுப்பது என் வேலை. வெள்ளையாகச் செத்த முட்டை கொஞ்சம்தான். பொறுக்கி எடுத்தேன். போஜன் தட்டுகளை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது, இந்த வருடம் குஞ்சு உண்டு.

பாதி வேலையில் போஜன் தட்டுகளைப் பொரிக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனான். மரகதம் ஏறாமல், இடுப்பளவுத் தண்ணீரில் என் நாற்காலிக்கு நேராக வந்து நின்றாள். ஏறி இறங்கினால் குளிர் புதிதாகத் தெரியுமாம். உள்ளே தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன்.

"ஒரு சொட்டு இல்ல. உள்ள காஞ்சு கிடக்கு."

அது எனக்கு முன்பே தெரியும். நான் கேட்க நினைத்தது வேறு. கொஞ்ச நேரம் இறகைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எப்படின்னா? குளிருது," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்ல ரப்பர் வந்து கால்ல ஒட்டிக்குது. முட்டியில இருந்து கீழ வரைக்கும் யாரோ ரெண்டு கையால இறுக்கிப் பிடிக்கற மாதிரி. உதறினாலும் விடமாட்டேங்குது. எலும்புக்குள்ள போய் உக்காந்துக்குது."

"பாதம்?"

"பாதத்துல அப்படி இல்ல. கல்லு மேல நிக்கறேன், கல்லோட குளிர் வேற, தண்ணியோட குளிர் வேற. கல்லு அடியில இருந்து மேல ஏறுது. விரல்ல ஊசி ஊசியா குத்துது. ஒரே சமயத்துல இல்ல, ஒவ்வொரு விரலா."

"இப்ப எந்த விரல்?"

"கட்டை விரல் முடிஞ்சுது. இப்ப பக்கத்து விரல்."

போஜன் கொட்டகையிலிருந்து வந்து வலையைத் தூக்கினான். அடுத்த இழுப்புக்குப் போகலாம் என்று அவளைக் கூப்பிட்டான். மரகதம் கண்ணைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கண்ணா," என்றாள். "இவருக்குச் சொல்லிட்டிருக்கேன்."